கூப்பிடு தூரத்துக்கு அப்பால்

தொலைவை மனிதர் முதலில் தம் உடலைக் கொண்டே அளந்தனர். விரற்கடை, சாண், முழம், பாகம் ஆகிய அளவுகள் விரலிலிருந்தும் கையிலிருந்தும் பிறந்தவை. கைக்கு எட்டாத தொலைவுகளுக்குக் குரலும் காலும் அளவுகோலாயின. ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் தொலைவு கூப்பீடு எனப்பட்டது. நான்கு கூப்பீடு கொண்டது ஒரு காதம் என்று பழைய வாய்பாடுகள் கணக்கிட்டன. இன்றுங்கூட அடுத்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று வினவினால், பஸ்ஸில் அரை மணி நேரம் என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. கிலோமீட்டர்க் கணக்கு மைல்கல்லில் எழுதப்பட்டிருந்தாலும், தொலைவைப் பயண நேரமாக மாற்றிக்கொண்டால்தான் மனம் அதை ஏற்கிறது. விண்வெளியின் தொலைவுகளைக் குறிக்க வானியலாளர் வகுத்த ஒளியாண்டு என்னும் அலகும் இதே வழக்கத்தின் நீட்சியே ஆகும். பயணி மட்டுமே வேறு.

ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கி.மீ. செல்கிறது. அவ்வேகத்தில் ஓராண்டுக் காலம் இடைவிடாமல் சென்றால் அது கடக்கும் தொலைவு ஒளியாண்டு எனப்படும். பெயரில் ஆண்டு இருப்பினும் இது காலத்தின் அளவன்று, நீளத்தின் அளவு. கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி. இவ்வெண்ணைப் படிப்பவர் அதை நம்பலாம், எழுதிக் காட்டலாம், பெருக்கவும் வகுக்கவும் செய்யலாம். ஆனால் மூன்று லட்சம் கோடிக்கும் ஒன்பது லட்சம் கோடிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர் எவருமில்லை. பேரெண்களுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. நெய்தல், குவளை, ஆம்பல், வெள்ளம் என்பன பேரெண்களின் பெயர்களாகப் பரிபாடலில் வருகின்றன. பெயர் சூட்டுவதால் ஓர் எண் மனத்துக்குள் வந்துவிடுவதில்லை என்பதை அப்பெயர்களே காட்டுகின்றன. பூவும் பெருக்கும் நினைவுக்கு வருமேயன்றி எண் வருவதில்லை.

ஆகவே உவமையின் துணை நாடப்படுகிறது. கதிரவக் குடும்பத்தை 1,000 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டதாகக் கொள்ளலாம். அவ்வாறு சுருக்கினால் 13.9 லட்சம் கி.மீ. விட்டமுள்ள சூரியன் 14 செ.மீ. குறுக்களவுள்ள, சற்றே பெரிய உரித்த தேங்காய் ஆகிவிடும். அதை ஓரிடத்தில் வைத்து, 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகை வைத்தால் அது பூமி. கடுகிலிருந்து இரண்டு விரற்கடைத் தொலைவில் கிடக்கும் ரவைத் துகள் நிலா. மனிதர் நேரில் சென்றுள்ள உச்சத் தொலைவு அந்த இரண்டு விரற்கடையே. கோள்களில் பெரிய வியாழன் ஒரு சுண்டைக்காய் அளவில் 78 மீட்டருக்கு அப்பாலும், கடைசிக் கோளான நெப்டியூன் ஒரு மிளகு அளவில் 450 மீட்டருக்கு அப்பாலும் இருக்கும். பள்ளிப் பாடநூல்களின் படங்களில் கோள்கள் தோளோடு தோள் உரசி நிற்பதுபோல் காட்டப்படுவது தாளின் அகலம் செய்த வஞ்சனை. அளவு மாறாமல் வரைய முற்பட்டால் ஒன்று தாள் அரைக் கிலோமீட்டர் நீள வேண்டும், அல்லது கோள்கள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாக வேண்டும்.

இனி அடுத்த விண்மீன் எங்கே என்று பார்க்க வேண்டும். தேங்காயைக் கன்னியாகுமரியில் வைத்து நேர் வடக்கே புறப்பட்டால், இந்தியாவைக் கடந்து, இமயம், காரகோரம், தியான் ஷான் ஆகிய மலைத்தொடர்களையும் தாண்டி, கசகஸ்தானின் அல்மாட்டி நகரத்தையும் விட்டுச் சற்று அப்பால் சென்ற பிறகே, ஏறத்தாழ 4,000 கி.மீ. தொலைவில், ஒரு நெல்லிக்காய் கிடைக்கும். அதுதான் சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி. அதன் உண்மைத் தொலைவு 4.24 ஒளியாண்டுகள். இடையில் உள்ள நாலாயிரம் கி.மீ. வழியில், வால்மீன்களுக்கு ஊற்றாகக் கருதப்படும் பனிக்கட்டித் துணுக்குகளைத் தவிரக் குறிப்பிடத்தக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. விண்வெளி என்ற சொல்லில் உள்ள வெளி என்னும் பகுதி எவ்வளவு பொருத்தமானது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இதே சுருக்கத்தில் ஒளியின் வேகம் என்னவாகிறது என்று பார்ப்பதே இவ்வுவமையின் மிகப் பயனுள்ள பகுதி. நொடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பது நொடிக்கு 3 செ.மீ. ஆகிவிடுகிறது; அது எறும்பின் நடை. தேங்காயிலிருந்து புறப்படும் எறும்பு கடுகை அடைய 8 நிமிடம் 20 நொடி எடுக்கிறது. மிளகை அடைய நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது. நெல்லிக்காயை அடைய, உறங்காமலும் நிற்காமலும் நடந்தால், நான்கேகால் ஆண்டுகள் ஆகின்றன. இந்த எறும்பைவிட விரைவாகச் செல்லக்கூடியது இயற்கையில் ஏதுமில்லை. மனிதர் அனுப்பியவற்றுள் மிகத் தொலைவு சென்றிருப்பது 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம். நொடிக்கு 17 கி.மீ. என்னும் அதன் வேகம் இந்த மாதிரியில் ஒரு நாளைக்கு ஒரு சாண்கூட ஆவதில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓட்டத்துக்குப் பின் அது தேங்காயிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவை எட்டியிருக்கிறது. பிராக்சிமாவின் திசையில் அது செல்லவில்லை; சென்றிருந்தாலும் போய்ச் சேர 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும்.

அண்டை விண்மீனோடு இந்த உவமையின் ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. சூரியனும் இரவில் தெரியும் விண்மீன்கள் அனைத்தும் அடங்கிய பால்வெளி, குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் ஈர்ப்பு விசையால் பிணைந்து சுழலும் ஒரு பேரடை. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டுகள். தேங்காய் மாதிரியில் அதை அமைக்க முயன்றால் ஒன்பதரைக் கோடி கி.மீ. இடம் தேவைப்படும், அதாவது மாதிரியே விண்வெளிக்குச் சென்றுவிடும். எனவே இன்னும் சிறிதாக்கி, நெப்டியூனின் சுற்றுப்பாதை முழுவதையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடக்கிவிட்டால், பிராக்சிமா 120 மீட்டரில் வந்து நிற்கிறது; பால்வெளி கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை பரந்துவிடுகிறது. நாக்பூரைப் பால்வெளியின் மையமாகக் கொண்டால், சூரியக் குடும்பம் என்னும் நாணயம் ஏறத்தாழ நெல்லூரில் கிடக்கும். நிலவில்லாத இரவில், விளக்கொளி இல்லாத ஊரில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஆயிரக்கணக்கான விண்மீன்களுள் பெரும்பாலானவை அந்த நாணயத்தைச் சுற்றி 30 கி.மீ. வட்டத்துக்குள் அடங்குவன. வானம் முழுவதையும் பார்த்துவிட்டதாக எண்ணுபவர் உண்மையில் பார்த்திருப்பது சொந்தத் தாலுகாவை மட்டுமே. ஆனால் இதிலும் அடுத்த பெரிய பேரடையான ஆண்ட்ரோமெடாவை வைக்க 71,000 கி.மீ. வேண்டியிருக்கிறது, பூமியின் சுற்றளவே 40,000 கி.மீ.தான்.

அறிவியல் நூல்களில் இத்தகைய உவமைகள் நிறைந்து கிடக்கின்றன. அவை வியப்பை ஊட்டுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒவ்வோர் உவமையும் இரண்டு படி ஏறியவுடன் முறிகிறது, அடுத்த உவமை தொடங்கும்போது முந்தையதன் உணர்வு மறைந்துபோகிறது. மேலும், நெல்லிக்காய் அல்மாட்டிக்கு அப்பால் இருக்கிறது என்பது எவ்வாறு தெரிந்தது என்ற வினாவுக்கு அவற்றில் விடை இல்லை. தொலைவை உள்ளபடி உணர்வதற்கு உவமையைவிட உறுதியான வழி, அதை அளந்தவர்கள் சென்ற வழியிலேயே படிப்படியாகச் செல்வது; அங்கே ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்பதால், எந்தப் படியிலும் காலடியில் பூமி இருக்கிறது.

முதல் படி சூரியனின் தொலைவு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெப்ளர் கண்டறிந்த விதிகளால், கோள்கள் சூரியனிலிருந்து எவ்வெவ்விகிதத்தில் விலகியுள்ளன என்பது துல்லியமாகத் தெரிந்துவிட்டது. பூமியின் தொலைவை ஒன்று எனக் கொண்டால் வெள்ளியின் தொலைவு 0.72, ஆனால் அந்த ஒன்று எத்தனை கிலோமீட்டர் என்பது எவருக்கும் தெரியாது. அளவுகோல் குறிக்கப்படாத நிலப்படம்போல, வடிவம் சரியாகவும் அளவு அறியப்படாமலும் சூரியக் குடும்பம் இருந்தது. படத்தில் ஏதேனும் ஒரு தொலைவை நேரடியாக அளந்துவிட்டால் மற்றவை எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். 1672-இல் காசினி பாரிஸிலிருந்தும் ரிஷே தென்னமெரிக்காவின் கயானாவிலிருந்தும் ஒரே காலத்தில் செவ்வாயை நோக்கி, சூரியனின் தொலைவு ஏறத்தாழ 14 கோடி கி.மீ. என்ற மதிப்பைப் பெற்றனர். உண்மைக்கு அருகில் இருந்தாலும் அதில் பிழைக்கு இடம் மிகுதியாக இருந்தது.

அவர்கள் கையாண்ட முறைக்கு இடமாறு தோற்ற முறை என்று பெயர். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், பின்னணியில் விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரல் அருகில் வரவர இடப்பெயர்ச்சி கூடும். இரு கண்களுக்கு இடையிலுள்ள தொலைவையும் பெயர்ச்சியின் கோணத்தையும் அறிந்தால் விரலின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். கண்களுக்குப் பதிலாகப் பூமியின் இரு மூலைகளில் இருவரை நிறுத்தினால் அதே கணக்கு கோள்களுக்கும் பொருந்தும். எட்மண்ட் ஹேலி 1716-இல் இதற்கு ஒரு நுட்பமான வடிவம் கொடுத்தார். வெள்ளி மிக அரிதாகச் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லும்; இது வெள்ளி இடைநகர்வு எனப்படும். பூமியின் வடபகுதியிலிருந்து பார்ப்பவருக்கும் தென்பகுதியிலிருந்து பார்ப்பவருக்கும் அப்புள்ளி செல்லும் கோடு சற்றே மேலும் கீழுமாகத் தெரிவதால், கடக்கும் நேரத்தில் சில நிமிட வேறுபாடு ஏற்படும். கோணத்தை அளப்பதைவிடக் கடிகாரத்தில் நேரத்தை அளப்பது எளிது என்பதே ஹேலியின் கருத்து. அடுத்த இடைநகர்வுகள் 1761-இலும் 1769-இலும் வரவிருந்தன. அவற்றைக் காண அவர் உயிரோடு இருக்க மாட்டார் என்பதை அறிந்தே, பின்வருவோருக்காக இதை எழுதி வைத்தார்.

உலகின் பல மூலைகளுக்குக் கப்பல்கள் சென்றன. சென்னையில் வில்லியம் ஹிர்ஸ்ட் என்ற பாதிரியார் 1761 இடைநகர்வை நோக்கிப் பதிவு செய்தார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த லெ ஜாந்தி என்பவர் புதுச்சேரியை நோக்கி 1760 மார்ச்சில் புறப்பட்டார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரது கப்பல் இந்தியக் கரையை நெருங்குவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டிருந்தது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது. ஆனால் அவர் நடுக்கடலில், ஆடும் தளத்தின் மேல் நின்றிருந்தார், அந்த நிலையில் எடுத்த நேரக் கணக்கு எதற்கும் உதவாது. எட்டு ஆண்டுகள் கழித்து வரும் இடைநகர்வையாவது பார்த்துவிடுவது என்று இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கிவிட்டார். மணிலாவில் நோக்குவதற்கு முதலில் முடிவு செய்து, பின்னர் 1768-இல், பிரெஞ்சுக்காரரிடம் மீண்டுவிட்ட புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஒரு நோக்ககம் கட்டிக்கொண்டார். 1769 ஜூன் 4 அதிகாலையில், வாரக்கணக்கில் தெளிந்திருந்த வானத்தில் மேகம் மூடியது. இடைநகர்வு முடிந்த பின்புதான் சூரியன் வெளிப்பட்டது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் பளிச்சென்று இருந்தது. பதினொன்றரை ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி வாரிசுகள் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தனர். கழகத்தில் அவரது இடமும் பிறருக்குச் சென்றிருந்தது.

லெ ஜாந்தியின் புதுச்சேரி வாழ்வு முற்றிலும் வீணாகவில்லை. தமிழ்க் கணிதர்கள் வாய்பாடுகளை மனத்தில் நிறுத்திக் கிரகணங்களைக் கணிக்கும் முறையை அவர் அங்கே கற்றார். 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால நீளத்தை அம்முறையில் கணித்துப் பார்த்தபோது 41 நொடிகளே குறைந்தன. ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்த மேயரின் அட்டவணையோ 68 நொடிகள் மிகுத்துக் காட்டியது. கிரகணம் எப்போது வரும் என்பதைக் கணிக்கச் சூரியனின் தொலைவைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. வான்பொருள்களின் இயக்கத்தை நொடிக் கணக்கில் அறிந்திருந்த பல மரபுகள் அவற்றின் தொலைவை அறியாமலேயே இருந்தன.

மற்றவர்கள் கொண்டுவந்த அளவுகளிலும் குறை இருந்தது. வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடும் கணத்தில் கருமைத் துளியாக ஒட்டிக்கொண்டு நீள்வதுபோல் தோன்றியதால், அருகருகே நின்றவர்களின் குறிப்புகளே பல நொடிகள் வேறுபட்டன. ஆயினும் லலாந்து 1771-இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பெற்ற மதிப்பு 15.3 கோடி கி.மீ.; இன்றைய மதிப்பிலிருந்து இரண்டு விழுக்காட்டளவே விலகியது. அடுத்த இடைநகர்வு 1874-இல் வந்தபோது, சென்னை நோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். 1961-இல் ரேடார் அலைகளை வெள்ளியின் மீது எறிந்து, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்து, இப்பணியை இருந்த இடத்திலிருந்தே முடித்துவிட்டனர். கூப்பிட்டுப் பார்த்துத் தொலைவை அறியும் பழைய முறை மீண்டும் வந்துவிட்டது எனலாம். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு வானியல் அலகு எனப்படும். 2012-இல் அது 14,959,78,70,700 மீட்டர் என வரையறுக்கப்பட்டுவிட்டது. லெ ஜாந்தி தேடிப்போன எண்ணை இனி எவரும் அளக்க வேண்டியதில்லை.

அடுத்த படி விண்மீன்கள். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையானால், ஆறு மாத இடைவெளியில் 30 கோடி கி.மீ. விலகிய இரு இடங்களிலிருந்து விண்மீன்களைப் பார்க்கிறோம். அவை கட்டைவிரல்போல் இடம் பெயர வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் தலைசிறந்த நோக்கரான டைக்கோ பிராகி அப்பெயர்ச்சியைத் தேடிக் காணாமல், பூமி நகரவில்லை என்று முடிவு செய்தார். விண்மீன்கள் அளவிறந்த தொலைவில் இருந்தாலும் பெயர்ச்சி தெரியாது என்ற மாற்று விளக்கம் அவருக்குத் தெரியாததன்று. சனிக்கும் விண்மீன்களுக்கும் இடையே அவ்வளவு பெரிய வெறுமையை இறைவன் எதற்காகப் படைத்திருப்பார் என்று அவர் அதைத் தள்ளிவிட்டார். வெளியின் பெருமையை மனம் ஏற்க மறுத்ததால் அறிவு வழி தவறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்தப் பெயர்ச்சியை 1838-இல்தான், கோனிக்ஸ்பர்க் நகரில் பெசல், அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள 61 சிக்னி என்ற மங்கலான விண்மீனில் கண்டார். அவர் அளந்த கோணம் ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கான வில்நொடியிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு, 18 கி.மீ. தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. பெசல் பெற்ற தொலைவு ஏறத்தாழ 10 ஒளியாண்டுகள். இன்றைய மதிப்பு 11.4.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பரில் ஏவிய கையா விண்கலம், இதே கட்டைவிரல் கணக்கை நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்குச் செய்து, 2025 தொடக்கத்தில் தன் நோக்குப் பணியை முடித்தது. ஆயிரம் கி.மீ. தொலைவிலுள்ள ஒரு தலைமுடியின் தடிமன் எவ்வளவு கோணமோ அவ்வளவு நுண்மை அதன் அளவீட்டில் இருந்தது. எனினும் பால்வெளிக்கு வெளியே செல்லச் செல்ல இந்தக் கோணமும் மறைந்துவிடுகிறது. அங்கே வேறு முறை தேவைப்படுகிறது.

தெருக்கோடியில் எரியும் விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிடலாம். தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். விண்மீன்களின் வாட் அளவை எப்படி அறிவது என்பதே சிக்கல். ஹார்வர்டு நோக்ககத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்துவந்த ஹென்றியெட்டா லெவிட் இச்சிக்கலை அவிழ்த்தார். செஃபீடு எனப்படும் ஒருவகை விண்மீன்கள் சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரையிலான சீரான கால இடைவெளியில் ஒளி கூடியும் குறைந்தும் துடிப்பவை. சிறிய மெகல்லன் மேகம் என்னும் தொகுதியிலுள்ள 25 செஃபீடுகளை ஒப்பிட்டு, துடிப்பு மெதுவாக உள்ள விண்மீன் மிகுந்த ஒளிர்வு உடையது என்பதை 1912-இல் அவர் நிறுவினார். அவை எல்லாம் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை ஆதலால், தோற்றத்தில் கண்ட வேறுபாடு உண்மை ஒளிர்வின் வேறுபாடே என்பது அவரது வாதத்தின் நயம். இனி ஒரு செஃபீடின் துடிப்பை எண்ணினால் அதன் வாட் தெரியும். வாட் தெரிந்தால் தொலைவு தெரியும்.

1923 அக்டோபரில், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செஃபீடைக் கண்டார். அதுவரை ஆண்ட்ரோமெடா பால்வெளிக்குள் உள்ள ஒரு வாயுப் படலமா, தனி உலகா என்று வானியலாளர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். துடிப்பைக் கொண்டு அவர் கணித்த தொலைவு 9 லட்சம் ஒளியாண்டுகளுக்கு மேல் சென்றதால், அது பால்வெளிக்கு வெளியே உள்ள மற்றொரு பேரடை என்பது உறுதியாயிற்று. அந்த எண்ணும் தவறுதான். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் நகர விளக்குகள் மங்கச் செய்யப்பட்டிருந்ததால் கிடைத்த இருண்ட வானத்தைப் பயன்படுத்தி வால்டர் பாடே செய்த ஆய்வு, செஃபீடுகள் இருவகைப்பட்டவை என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது. 1952-இல் அவர் அதை அறிவித்தபோது பேரடைகளின் தொலைவுகள் அனைத்தும் ஒரே நாளில் இரு மடங்காயின. ஆண்ட்ரோமெடாவின் இன்றைய மதிப்பு 25 லட்சம் ஒளியாண்டுகள். நவம்பர், டிசம்பர் மாத முன்னிரவுகளில் தமிழ்நாட்டிலிருந்து வெறுங்கண்ணால் ஒரு மங்கிய திட்டாகத் தெரியும் அதன் ஒளி, மனித இனம் இன்றைய உருவை அடையாத காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது.

விண்மீன்களின் வாட் அளவை அறியும் வழிகளுள் ஒன்றில் ஓர் இந்தியரின் பெயரும் இணைந்திருக்கிறது. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் ஏற்படுத்தும் ஒரு கோட்டினுள் தோன்றும் ஒளிர்கீற்றின் அகலம் அந்த விண்மீனின் உண்மை ஒளிர்வோடு தொடர்புடையது என்பதை 1957-இல் ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் நிறுவினர்; இது வில்சன்-பாப்பு விளைவு எனப்படும். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி அந்த பாப்புவின் பெயரைத் தாங்கியது.

செஃபீடுகளும் தெரியாத தொலைவுக்கு இன்னும் பேரொளி வேண்டும். எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எஞ்சிய உடலான வெண்குறுமீன் சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டு நிலைத்திருக்க இயலாது என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது சந்திரசேகர் பயணத்தின்போதே கணக்கிட்டார். துணை விண்மீனிடமிருந்து பொருளைக் கவர்ந்து அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீன் வெடித்துச் சிதறும்போது, ஒரு பேரடை முழுவதற்கும் ஈடான ஒளியைச் சில வாரங்கள் வீசுகிறது. இத்தகைய வெடிப்புகளின் உச்ச ஒளிர்வு, உரிய திருத்தங்களுக்குப் பின் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவுகளுக்கு அவையே விளக்குகளாகின்றன. அவற்றை அளந்த இரு குழுக்கள், பேரண்டம் விரிவது நாளுக்கு நாள் முடுக்கம் பெறுகிறது என்பதை 1998-இல் கண்டன.

இந்தப் படியில் தொலைவு என்ற சொல்லே நெகிழத் தொடங்குகிறது. பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்பதால், எதையும் 1,380 கோடி ஒளியாண்டுகளுக்கு மேல் பார்க்க முடியாது என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் ஒளி வந்துகொண்டிருக்கும்போதே அது கடந்துவிட்ட வெளியும் பின்னால் விரிந்துகொண்டே போகிறது. அதனால் மிகப் பழைய ஒளியை அனுப்பிய பகுதி இன்று ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. புறப்பட்டபோது இருந்த தொலைவு, ஒளி நடந்த தொலைவு, இன்றைய தொலைவு ஆகிய மூன்றும் வேறுவேறு. செய்தித்தாள்களில் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றுவது பெரும்பாலும் இவற்றுள் எது என்று குறிப்பிடாமல் விடுவதால்தான். விரிவின் வேகத்திலும் இன்னும் ஒற்றுமை ஏற்படவில்லை. 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு நொடிக்கு ஏறத்தாழ 73 கி.மீ. என்று செஃபீடுகளும் விண்மீன் வெடிப்புகளும் காட்டுகின்றன. தொடக்ககாலப் பேரண்டத்தின் எஞ்சிய கதிர்வீச்சோ 67 அல்லது 68 என்கிறது. கருவிகள் நுட்பமாக ஆக ஆக இந்த வேறுபாடு குறைவதற்கு மாறாக உறுதிப்பட்டு வருகிறது. ஏணியின் ஏதோ ஒரு படியில் பிழை உள்ளதா, பேரண்டத்தைப் பற்றிய கொள்கையிலேயே குறை உள்ளதா என்ற வினா திறந்தே கிடக்கிறது.

விரிவு முடுக்கம் பெறுவதன் விளைவாக, பார்க்கக்கூடிய தொலைவுக்கும் தொடர்பு கொள்ளக்கூடிய தொலைவுக்கும் இடையே ஒரு பிளவு ஏற்பட்டிருக்கிறது. இன்று 1,600 கோடி ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பாலிருந்து தொடங்கும் பேரடைகளின் பழைய ஒளியைத் தொலைநோக்கிகள் இன்னும் பெற்றுவருகின்றன. ஆனால் அவை இன்று வெளியிடும் ஒளி பூமியை நோக்கிப் புறப்பட்டாலும், இடைப்பட்ட வெளி அதைவிட விரைவாக வளர்வதால், எத்தனை காலம் காத்திருந்தாலும் வந்து சேராது. இங்கிருந்து இன்று அனுப்பும் ஒளியும் அவற்றை அடையாது. காணக்கூடிய பேரண்டத்தின் மிகப் பெரும் பகுதி அந்த எல்லைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிந்தபடியே, கூப்பிடு தூரத்தைக் கடந்துவிட்டிருக்கிறது.